எமது கடைக் கணக்கு எந்த அறையில் பொதி செய்யப்படுகிறது?

2025 மே மாதம் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து ஹட்டனிலுள்ள எனது கடையைத் திறந்து, மறுநாள் சம்பள நாள் என்பதால் அரிசி, மா, பருப்பு மூடைகளை முன்பக்கம் அடுக்கிக் கொண்டிருந்தோம். மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு 10ஆம் திகதி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மாதம் முழுவதும் லயங்களுக்குக் கடனாகக் கொடுத்த சாமானின் பணம் அன்றுதான் கைக்கு வரும். அதை வைத்துத்தான் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு எழுதிக் கொடுத்த காசோலைக்குப் பணம் போட வேண்டும்.

பிற்பகல் மூன்று மணியளவில் தொலைபேசி வந்தது. எனது கடையின் பில் மென்பொருளைச் செய்து தந்த கொழும்புக் கம்பனியிலிருந்து ஓர் இளைஞர் பேசினார்.

“ஹாஜியார், இன்று காலையில் நாங்கள் அனுப்பிய அப்டேட்டைப் போட்டு விட்டீர்களா?”

“பையன் காலையிலேயே போட்டு விட்டான். ஏன் தம்பி?”

“அப்படியானால் தயவு செய்து கணினியை நிறுத்தி விடுங்கள். இணைய வயரையும் கழற்றி விடுங்கள். நாங்கள் சொல்லும் வரை திறக்க வேண்டாம்.”

காரணம் கேட்டேன். “எங்களுடைய பில்ட் சேர்வரில் ஒரு சிறு பிரச்சினை” என்றார். பில் போடும் இயந்திரம் பழுதாகிவிட்டது போலும் என்றே நான் நினைத்தேன். அது வேறு, இது வேறு என்பது எனக்கு விளங்கப் பின்னர் நான்கு நாட்கள் சென்றன.

அந்த நான்கு நாட்களில் நடந்ததைச் சொல்லாமல் இந்த விடயத்தை எழுதுவதில் பயனில்லை. எனது கடையில் இருநூறுக்கும் மேற்பட்ட தோட்டக் குடும்பங்களுக்குக் கடன் கணக்கு இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்னர் கணினி வாங்கியபோது கடன் கொப்பிகளை மூட்டை கட்டி மேல்மாடியில் போட்டு விட்டோம். பெக்கப் எடுக்கவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு இரவும் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகிறவன் நான். ஆனால் அந்தப் பெக்கப்பைத் திறப்பதற்கும் அதே மென்பொருள்தான் வேண்டும். அந்த மென்பொருளைத்தான் திறக்க வேண்டாம் என்கிறார்கள். பூட்டும் சாவியும் ஒரே பெட்டிக்குள்!

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. ஒவ்வொருவரிடமும் “உங்கள் கணக்கு எவ்வளவு இருக்கும்?” என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. சிலர் சிரித்தார்கள், சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். “முதலாளி, கொம்பியூட்டர் சொன்னா நாங்க குடுக்கிறோம், நாங்க சொன்னா நீங்க நம்புவீங்களா?” என்று ஓர் அக்கா நேருக்கு நேர் கேட்டு விட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் வாயால் சொன்னதை ஒரு புதுக் கொப்பியில் எழுதிக்கொண்டு பணத்தை வாங்கினேன். ஞாயிறு போனது. திங்களும் செவ்வாயும் வெசாக் விடுமுறை. கொழும்புக் கம்பனியில் ஆளில்லை. புதன்கிழமைதான் “பயமில்லை, உங்களுக்கு வந்த அப்டேட் சுத்தமானது, திறக்கலாம்” என்றார்கள்.

பின்னர் ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் ஏறத்தாழ 11,000 ரூபா. அதில் பெரும்பகுதி எமது பையன்கள் கணினியில் பதியாமல் விட்ட வரவு என்பது தெரிந்தது. அது வேறு கதை. காசோலை ஒன்று திரும்பியதுதான் பெரிய நட்டம். முப்பது வருட வியாபாரத்தில் முதல் தடவை.

எனது சகோதரியின் மகன் கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கிறார். அந்தக் கம்பனியில் அல்ல, வேறிடத்தில். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவரைப் பிடித்து உட்கார வைத்து, “மருமகன், இந்த பில்ட் சேர்வர் என்றால் என்ன, எனக்கு விளங்கும் பாஷையில் சொல்லுங்கள்” என்றேன்.

“மாமா, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் பொதி செய்த தூளாக வருகிறதல்லவா? அதுதான்” என்றார். மென்பொருள் எழுதுகிறவர்கள் எழுதுவது கொழுந்து மாதிரி. அப்படியே கடைக்கு அனுப்ப முடியாது. பலர் எழுதிய துண்டுகளைச் சேர்த்து, சோதித்து, ஒரு பொதியாக்கி, வாடிக்கையாளருக்கு அனுப்பும் வேலையை மனிதர் கையால் செய்தால் பிழை வரும் என்பதால் அதற்கென ஓர் இயந்திரத்தை நிறுத்தியிருப்பார்கள். இரவு பகலாக அது தானே செய்யும். உலகில் பரவலாகப் பாவனையிலுள்ள அத்தகைய மென்பொருள் ஒன்றின் பெயர் ஜென்கின்ஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனியில் வேலை செய்த கொசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர் 2004 அளவில் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது. ஒரக்கிள் கம்பனியுடன் பெயர்த் தகராறு வந்து 2011இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே பெரிய வங்கியும் பாவிக்கிறது, மூன்று பேர் கொண்ட சிறு கம்பனியும் பாவிக்கிறது.

இந்த அறைக்குள் ஒருவன் நுழைந்து விட்டால் அவன் கடை கடையாக ஏறி இறங்கத் தேவையில்லை. பொதிக்குள் எதையாவது போட்டு விட்டால் போதும். நாமே அதைப் பணம் கொடுத்து வாங்கி, நாமே எமது கணினியில் போட்டுக் கொள்வோம்.

சரி, எப்படி நுழைகிறான்? இங்கேதான் எமது வியாபாரிகளுக்கு நன்கு பழக்கமான ஒரு காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து லொறி வருகிறது. ஒவ்வொரு மூடையிலும் ஒரு சீட்டு. சீட்டைப் பார்த்து நாட்டாமி மூடையைக் களஞ்சியத்தில் அந்தந்த இடத்தில் வைக்கிறார். ஒரு மூடையின் சீட்டில், “களஞ்சியத்தில் வேண்டாம், வெளியே வந்து, படி ஏறி, முதலாளியின் அறைக்குப் போய், மேசை இலாச்சிக்குள் வை” என்று எழுதியிருந்தால் என்ன செய்வார்? சிரிப்பார், அல்லது என்னிடம் வந்து கேட்பார். கணினி கேட்காது, வைத்து விடும்.

ஸிப் கோப்பு என்று நாம் எல்லோரும் அனுப்புகிறோம், வாங்குகிறோம். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய மூடைதான் அது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. அந்தப் பெயரில் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் இருந்தால் கணினியின் பாஷையில் அதற்கு “ஒரு படி மேலே போ” என்று பொருள். அதையே நான்கைந்து தடவை எழுதி, அதன்பின் வேறோர் இடத்தின் பெயரையும் எழுதி விட்டால், மூடையை அவிழ்க்கும் மென்பொருள் கவனமில்லாததாக இருந்தால், தனக்கென ஒதுக்கிய அறையை விட்டு வெளியேறி, சீட்டு சொன்ன இடத்தில் அந்தக் கோப்பைக் கொண்டுபோய் வைக்கும். அங்கே ஏற்கெனவே அதே பெயரில் ஒரு நல்ல கோப்பு இருந்தால் அதை அழித்துவிட்டு இதை வைக்கும். அடுத்த முறை இயந்திரம் அந்தக் கோப்பை எடுத்து இயக்கும்போது, இயங்குவது திருடனுடைய கட்டளை.

எமக்கு மென்பொருள் தரும் கம்பனியில் நடந்ததும் இதுதான் என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் ஏதாவது கோளாறு என்றால் தமது தரவுகளை ஸிப் செய்து அனுப்புவார்கள். அதைப் பரிசோதிப்பதற்காக, பொதி செய்யும் அதே இயந்திரத்திலேயே தானாக அவிழ்க்கும்படி செய்து வைத்திருந்தார்கள். யாரோ வாடிக்கையாளர் போல் ஒரு மூடையை அனுப்பியிருக்கிறார். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கோப்பு இருப்பதை ஒரு பொறியியலாளர் தற்செயலாகக் கண்டிருக்கிறார். அது எந்தப் பொதிக்குள்ளும் போகவில்லை என்று நிச்சயப்படுத்தவே அந்த நான்கு நாட்களும் எடுத்தன. கண்டவுடன் எல்லா வாடிக்கையாளருக்கும் தொலைபேசி எடுத்தார்கள் என்பதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். மூடி மறைத்திருந்தால் எனது காசோலை திரும்பியிருக்காது. ஆனால் அடுத்த தடவை என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

“இது புதிதாக வந்த வித்தையா?” என்று மருமகனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. பைத்தன் என்ற கணினி மொழியில் மூடை அவிழ்க்கும் பகுதியில் இந்தக் குறை இருப்பதாக 2007ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அப்போது செய்தது, கையேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதி வைத்தது மட்டுமே. நம்பிக்கையில்லாத மூடையை அவிழ்க்காதீர்கள் என்று. 15 வருடம் கழித்து 2022இல் ட்ரெலிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே குறையை மீண்டும் கண்டு, சுமார் 350,000 திறந்த மூல மென்பொருள் திட்டங்கள் அந்த ஆபத்தில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதற்குப் பிறகுதான் பாதுகாப்பான வழியையே வழமையான வழியாக்கும் வேலை நடந்தது. இடையில் 2018 ஜூன் மாதத்தில் ஸ்னைக் என்ற நிறுவனம் இந்தக் குறைக்கு “ஸிப் ஸ்லிப்” என்று ஒரு பெயரே வைத்து, எச்பி, அமேசன், அப்பாச்சி போன்ற பெரிய இடங்களின் திட்டங்கள் உட்பட ஆயிரக்கணக்கானவற்றில் அது இருப்பதை வெளியிட்டது.

அப்படி ஊரெல்லாம் பறையடித்த பிறகும், 2023 மே 16ஆம் திகதி ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட பாதுகாப்பு அறிவித்தலில், மூடை அவிழ்க்கும் அவர்களது இணைப்பு மென்பொருள் ஒன்று உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்ச்சீட்டைச் சோதிக்காமலே அவிழ்த்து வந்திருக்கிறது என்று எழுதினார்கள். அதே பழைய நோய்தான். திருத்தம் அன்றே கொடுத்தார்கள். ஆனால் திருத்தம் வெளியாவது ஒன்று, அதை எடுத்துப் போடுவது இன்னொன்று.

இதற்கு மருந்து என்னவென்று கேட்டால் சிரிப்பு வரும். மூடையை அவிழ்க்கும்போது, “இந்தக் கோப்பு கடைசியில் போய் நிற்கும் இடம் எனது அறைக்குள்தானா?” என்று ஒரு தடவை பார்த்து, இல்லையென்றால் மறுத்து விடுவது. சில வரிகள் எழுதினால் போதுமாம். நாட்டாமிக்கு இருக்கும் பொது அறிவு அவ்வளவுதான்.

வாசகர்களே, இது மென்பொருள் கம்பனிக்காரரின் தலைவலி மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். எமது ஒவ்வொரு கடைக் கணினியிலும் இருக்கிறதே வின்ரார், நாற்பது நாள் இலவசம் என்று சொல்லி நாம் பத்து வருடமாகப் பாவிக்கிறோமே, அதிலும் இதே குறை இருந்தது. 2019 பெப்ரவரியில் செக் பொயின்ட் நிறுவனம் கண்டுபிடித்த குறை அதற்குள் 19 வருடமாக இருந்திருக்கிறது. கணினியைத் திறந்தவுடன் தானாக ஓடும் இடத்திலேயே கோப்பைக் கொண்டு வைத்துவிட அதனால் முடிந்தது. 2025 ஜூலையில் மீண்டும் ஒன்று. வேலைக்கு விண்ணப்பிப்பவரின் சுயவிபரக் கோவை போல் மின்னஞ்சலில் அனுப்பி ஐரோப்பாவிலும் கனடாவிலும் கம்பனிகளைக் குறிவைத்ததை ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்தியது. அதற்கான திருத்தம் 7.13 என்ற பதிப்பில் ஜூலை 30ஆம் திகதி வந்தது. வின்ரார் தானாக அப்டேட் ஆவதில்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். நாமாகப் போய்ப் புதியதை எடுத்துப் போட வேண்டும். எமது கடையில் இருந்தது எந்த வருடத்துப் பதிப்பு என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “நானா, நுவரெலியாவில் மரக்கறி விற்கிறவனைத் தேடி யார் வரப் போகிறான்? இது பெரிய இடத்து விவகாரம்” என்றார். அவருக்கு நான் இந்தியாவில் நடந்ததைச் சொன்னேன்.

2024 ஜூலை கடைசியில் அந்நாட்டின் சுமார் 300 சிறிய வங்கிகளில் பணக் கொடுக்கல்வாங்கல் நின்று போனது. பெரிய வங்கி எதுவும் அல்ல; கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளும். அவற்றுக்குத் தொழில்நுட்ப சேவை வழங்கிய சி-எட்ஜ் என்ற நிறுவனம் தாக்கப்பட்டதால், அந்நாட்டின் தேசிய கொடுப்பனவுக் கூட்டுத்தாபனம் ஜூலை 31ஆம் திகதி அதனைத் தனது வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்தது. சி-எட்ஜ் சாதாரண நிறுவனம் அல்ல. ஸ்டேட் பாங்க் ஒப் இந்தியாவும் டாட்டா கன்சல்டன்சியும் சேர்ந்து நடத்துவது. அப்படியானால் திருடன் அதன் முன்வாசலாலா வந்தான்? இல்லை. கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வறிக்கையின்படி, சி-எட்ஜுடன் வேலை செய்த புரொன்டூ டெக்னோலொஜி சொலூஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில் சரியாகப் பூட்டப்படாமல் இருந்த ஒரு ஜென்கின்ஸ் சேர்வரே நுழைவாயில்.

அங்கே பாவிக்கப்பட்டது மூடை அவிழ்க்கும் குறை அல்ல, அதன் பக்கத்து வீட்டுக் குறை. ஜென்கின்ஸுக்குக் கட்டளை கொடுக்கும்போது ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் மின்னஞ்சல் முகவரியில் வருமே அந்த “அட்” குறியைப் போட்டால், அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டி விடும். கவுண்டரில் வந்து நின்ற அந்நியன், “இலாச்சிக்குள் இருக்கும் கொப்பியைக் கொஞ்சம் வாசியுங்கள்” என்று கேட்க, கடைப்பையன் வாசித்தது மாதிரி. கொப்பியில் சாவி இருக்கும் இடம் எழுதியிருந்தால் கேட்கவா வேண்டும்? மூடைக் குறையில் திருடனின் கோப்பு உள்ளே போய் உட்காருகிறது. இதில் எமது கோப்பு வெளியே போகிறது. இரண்டிலும் காரணம் ஒன்றே: வெளியார் சொன்ன இடத்துக்கு, யாரென்று கேளாமல், இயந்திரம் போய் வருகிறது.

இந்தக் குறைக்கான திருத்தம் 2024 ஜனவரி 24ஆம் திகதியே வெளிவந்து விட்டது. வங்கிகள் நின்றது ஜூலை கடைசியில். இடையில் ஆறு மாதம்! அந்த 300 வங்கிகளின் பங்கு அந்நாட்டின் மொத்தக் கொடுப்பனவில் அரை வீதமளவே என்று அப்போது செய்தி வெளியானது. டில்லிக்கும் மும்பாய்க்கும் அது அரை வீதம்தான். ஆனால் அந்தக் கிராமத்தில் அன்று பணம் எடுக்கப் போன விவசாயிக்கு அது நூறு வீதம். எனது கடைக்கு 10ஆம் திகதி வந்த அந்த அக்காவை நினைத்தால் இது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. சிறியவன் என்பதால் யாரும் குறிவைக்காமல் இருக்கலாம். ஆனால் சிறியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சாமான் எடுக்கிறோம்.

கணக்கு மென்பொருள் என்று வரும்போது உக்ரைன் கதையையும் ஒதுக்க முடியாது. அங்கே வியாபாரிகள் வரிக் கணக்குக்குப் பாவித்த எம்.ஈ.டொக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகவே 2017 ஜூன் 27ஆம் திகதி நொட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவியது. கீவ் நகரத்துக் கணக்குப் புத்தகத்தில் தொடங்கியது, உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பனிகளில் ஒன்றான மேர்ஸ்க் வரை போய், அவர்கள் 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. நட்டம் 25 முதல் 30 கோடி டொலர் வரை. கொழும்பிலிருந்து எமது தேயிலையை ஏற்றிச் செல்லும் கொள்கலன்களில் எத்தனை அந்தக் கம்பனியுடையவை என்பதை ஏற்றுமதித் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். தேயிலை ஏலமே 2020 ஏப்ரல் முதல் கணினி வழியாக நடக்கிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் அது. கொழுந்து மட்டும்தான் இன்னும் கையால் பறிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மென்பொருள் உண்டு.

இனி எமது பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நடந்தது அறிந்து கோபத்தோடு கொழும்புக்குப் போய் அந்தக் கம்பனியின் உரிமையாளரைச் சந்தித்தேன். புறநகர் ஒன்றில் ஒரு வீட்டின் மேல்மாடி. ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நான் சத்தம் போட்டு முடியும் வரை பொறுமையாக இருந்துவிட்டு அவர் ஒரு கோவையை எடுத்துக் காட்டினார். எனது பெயருக்கு நேரே மூன்று வருடப் பராமரிப்புக் கட்டணம் நிலுவை. 2022 நெருக்கடியின்போது “இப்போது முடியாது” என்றேன், அது நியாயம்தான். அன்று யாரால்தான் முடிந்தது? 2023இல் “பார்ப்போம்” என்றேன். 2024இல் தொலைபேசியையே எடுக்கவில்லை. “ஹாஜியார், உங்களைப் போல் பாதிப்பேர். வேறு ஓர் இயந்திரம் வாங்கி, வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் தனியாக அவிழ்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். எங்கே வாங்குவது?” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரிலும் தவறு இருக்கிறது. சில வரிகள் எழுதுவதற்குப் புது இயந்திரம் தேவையில்லை என்று மருமகன் சொன்னதை அவரிடம் சொன்னேன், தலையாட்டினார். ஆனால் ஒரு மூடை அரிசிக்கு ஐம்பது ரூபா குறைப்பது போலவே மென்பொருளுக்கும் பேரம் பேசி, வாங்கிய பிறகு ஒரு சதமும் கொடுக்காமல், “வேலை செய்கிறதுதானே, எதற்குப் பணம்?” என்று கேட்கும் பழக்கம் எம்மிடம் இருக்கிறது. லொறிக்கு ஒயில் மாற்றுகிறோம், தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்துகிறோம். இரண்டு தலைமுறையின் கடன் கணக்கை வைத்திருக்கும் மென்பொருளுக்கு மட்டும் ஒன்றும் செய்வதில்லை.

வியாபாரிகள் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி எமது அரசாங்கத்தின் கிளவுட் சேவை தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் கடிதங்கள் மே 17ஆம் திகதியிலிருந்து அன்று வரை இல்லாமல் போயின. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். அந்தக் காலப்பகுதிக்குப் பெக்கப் இருக்கவில்லை. காலாவதியான மென்பொருளை மாற்ற 2021இலிருந்து எண்ணியிருந்தும் நிதியின்மையால் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனம் கூறியது. எனது மூன்று வருட நிலுவைக்கும் அதற்கும் தொகையில் மட்டும்தான் வித்தியாசம்.

ஆகவே நான் சொல்வது, கணினியை மூட்டை கட்டிவிட்டுக் கொப்பிக்குத் திரும்புங்கள் என்பதல்ல. அப்படிச் சொல்லும் பெரியவர்கள் எமது பஜாரில் இருக்கிறார்கள். கொப்பியும் எரியும், நனையும், கிழியும் என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். எனது அபிப்பிராயம், மென்பொருள் விற்பவரிடம் நாம் விலையைத் தவிர வேறு சில கேள்விகளையும் கேட்கப் பழக வேண்டும் என்பதே. எங்களுக்கு வரும் அப்டேட் எந்த இயந்திரத்தில் பொதியாகிறது? அந்த இயந்திரம் இணையத்திலிருந்து யாரும் தட்டக்கூடிய வாசலாக இருக்கிறதா? வாடிக்கையாளர் அனுப்பும் ஸிப் கோப்பை எங்கே அவிழ்க்கிறீர்கள்? ஜென்கின்ஸோ வேறெதுவோ, கடைசியாக எப்போது திருத்தம் போட்டீர்கள்? ஆங்கிலம் தெரியாதவரும் இதைக் கேட்கலாம். பதில் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. பதில் சொல்லத் தடுமாறுகிறாரா என்பது எமக்கு நன்றாக விளங்கும். முகத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பவர்கள்தானே நாம்!

“எங்களுடைய அப்டேட்டில் டிஜிட்டல் முத்திரை இருக்கிறது, பயமில்லை” என்று சொல்வார்கள். நல்லது. முத்திரை இல்லாத அப்டேட்டைப் போடவே கூடாது. ஆனால் முத்திரை, பொதி வழியில் மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் சாட்சி. பொதி செய்யும் அறைக்குள்ளேயே கலப்படம் நடந்தால் கலப்படத்தின் மேலேயே முத்திரை விழும். 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் சம்பவத்தில் நடந்தது அதுதான். அமெரிக்க அரச திணைக்களங்கள் வரை போன அந்த அப்டேட்டில் கம்பனியின் அசல் முத்திரையே இருந்தது.

எமது கம்பனிக்காரர் இப்போது வெளிக் கோப்புகளைத் தனி இயந்திரத்தில் அவிழ்க்கிறார். வேலை முடிந்ததும் அதை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறாராம். அவிழ்க்கும்போது சீட்டைச் சோதிக்கும் அந்தச் சில வரிகளையும் எழுதி விட்டார். நான் மூன்று வருட நிலுவையை இரண்டு தவணையில் கொடுத்தேன். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அதே மென்பொருளைப் பாவிக்கும் எமது கடைக்காரர்கள் ஆறு பேரிடமும் பேசினேன். நால்வர் கொடுத்து விட்டார்கள். ஒருவர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆறாமவர், “நடந்தது அவனுடைய பிழை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்கிறார். அவர் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர். இதையும் வாசிப்பார் என்று நினைக்கிறேன்.

அத்துடன் இன்னொரு வேலையும் சொல்லிச் செய்வித்தேன். எந்த மென்பொருளும் இல்லாமல் வாசிக்கக் கூடியதாக, வாடிக்கையாளர் பெயரும் நிலுவையும் மட்டும் கொண்ட ஒரு பட்டியலை ஒரு பொத்தானில் அச்சிடும் வசதி. ஜூன் 9ஆம் திகதி மாலை முதல் தடவையாக அதை அச்சிட்டோம். ஏழு பக்கம் வந்தது. மறுநாள் அந்த அக்கா வந்தபோது பையன் கணினியில் தேடுவதற்கு முன்னரே நான் தாளைப் பார்த்து அவரது கணக்கைச் சொன்னேன். “மறுபடியும் பழுதா முதலாளி?” என்று கேட்டார்.